கிடப்பும் தணிப்பும்: நெய்யாற்றின்கரை எல்லை ஊர்களில் இறுதிக்காலப் பராமரிப்புச் சொற்களின் வரலாறு

1. முன்னுரை

ஒரு சமுதாயத்தில் புதியதொரு பணி அமைப்புத் தோன்றும்பொழுது அதனுடன் ஒரு பெயரும் தோன்றுகிறது. அப்பணியைத் தமக்குரியது எனக் கருதி யார் அணுகுவர், யார் விலகி நிற்பர், எப்பொழுது அணுகுவர் என்பவற்றை அப்பெயர் ஓரளவு தீர்மானிக்கிறது. நலத்திட்டங்களின் பயன்பாட்டை ஆராய்வோர் தொலைவு, செலவு, கல்வி ஆகிய காரணங்களைக் கருதுவர். சொல்லைக் கருதுவது குறைவு. வாழ்வின் இறுதிக்காலத்தில் முதியோர் நாடும் பராமரிப்புப் பணிகளுக்கு வழங்கும் சொற்களின் வரலாற்றைத் தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் ஓர் எல்லைப்பகுதியை அடிப்படையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

எடுத்துக்கொண்ட பகுதி, கேரள மாநிலம் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நெய்யாற்றின்கரைத் தாலுகாவைச் சார்ந்த பெருங்கடவிளையும் அதனைச் சூழ்ந்து பாறசாலை வரை பரவிய ஊர்களுமாகும். இப்பணிகளில் கேரளம் இந்தியாவிற்கு முன்னோடியாக விளங்குகிறது. அதே பணிகளுக்குத் தமிழில் பெயரிட முயல்வோர்க்கு இவ்வெல்லை ஊர்களின் சொற்கள் ஒரு சோதனைக் களமாக அமைகின்றன.

2. நிலமும் மொழியும்

பெருங்கடவிளை என்னும் ஊர்ப்பெயரே இப்பகுதியின் மொழி நிலையைக் காட்டும். மலையாள எழுத்தில் அது அகர ஈற்றுடன் 'பெருங்கடவிள' என அமையும். தமிழில் ஐகார ஈறு பெறும். தோட்டப் புன்செய் நிலத்தைச் சுட்டும் 'விளை' என்னும் ஈறு எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் ஊர்ப்பெயர்களில் பயில்கிறது. களியக்காவிளை தமிழ்நாட்டில் உள்ளது. பெருங்கடவிளை கேரளத்தில் உள்ளது. நிலத்தைப் பெயரிட்டவர்கள் எல்லையை அறியாதவர்கள்.

எல்லை பிற்காலத்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலச் சீரமைப்பின்படி தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் கோரிக்கையில் நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் பகுதிகளும் இடம்பெற்றிருந்தன என்பது நினைவுகூரத்தக்கது. ஓர் அரசின்கீழ் இருந்த அயல் தாலுகாக்கள் அன்றுமுதல் இரண்டு ஆட்சிமொழிகளுக்கு உட்பட்டன. மணவுறவும் சந்தையும் மருத்துவத் தேவையும் அக்கோட்டைக் கடந்தே நடந்துவருகின்றன.

அன்று பிறந்த குழந்தைகள் இன்று எழுபது வயதை எட்டும் நிலையில் உள்ளனர். எனவே இப்பகுதியின் இன்றைய முதியோர், பேச்சில் ஒரு சொற்றொகுதியையும் அரசு அலுவலில் மற்றொரு சொற்றொகுதியையும் கொண்டு வாழ்ந்த முதல் தலைமுறையினர் எனலாம்.

3. பழைய அமைப்பும் பழைய சொல்லும்

தென் திருவிதாங்கூரில் மேலை மருத்துவம் இலண்டன் மிசன் சங்கத்தின் வழியே வேரூன்றியது. 1838இல் ஆர்ச்சிபால்டு ராம்சே நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1922ஆம் ஆண்டு எவரெசுட்டுப் பயணத்தில் பங்குகொண்ட ஓவார்டு சாமர்வெல் பின்னர் நெய்யூரில் நெடுங்காலம் பணியாற்றினார். நெய்யூர் பிற்காலத்தில் புற்றுநோய் மருத்துவத்திற்கும் பெயர்பெற்றது. மேற்கே திருவனந்தபுரத்தில் 1981இல் வட்டாரப் புற்றுநோய் மையம் நிறுவப்பட்டது. எல்லை ஊர் மக்களுக்கு இவ்விரு திசைகளும் பழகியவையே.

அரசு மருத்துவமனைக்கு இரு மொழிகளிலும் 'தர்மாசுபத்திரி' என்னும் பெயர் வழங்கியது. கட்டணமின்மையைச் சுட்டிய அச்சொல் கொடையையும் சுட்டியது. அங்குச் செல்வது பிறர் தருமத்தை ஏற்பதாகவும் பொருள்பட்டது. வீட்டில் நோக்குவதற்கு ஆள் உள்ள முதியவரை அங்கே விட்டுவைப்பது குடும்பத்திற்கு இழுக்கு என்னும் எண்ணம் இச்சொல்லின் நிழலில் வளர்ந்ததாகும்.

'நோக்குதல்' என்னும் வினையையும் இங்குக் கருதவேண்டும். மலையாளத்தில் 'நோக்கான் ஆளில்ல' என்பதும் தமிழில் 'பார்த்துக்கொள்ள ஆளில்லை' என்பதும் ஒரே பொருளன. காண்டல் வினை காத்தல் வினையாக விரிந்த இப்பொருள் வளர்ச்சி இரு மொழிகளுக்கும் பொதுவானது. ஆகவே பராமரிப்பு என்னும் கருத்து இம்மக்களுக்குப் புதிதன்று. குடும்பத்திற்கு வெளியிலிருந்து ஒருவர் வீட்டிற்குள் வந்து நோக்குவது என்பதே புதிது. அதற்கே பெயர் தேவைப்பட்டது.

4. மேலைச் சொல்லின் தோற்றம்

இப்பணியைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரே ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கலால் பிறந்தது என்பது மொழிபெயர்ப்பாளர் அறியத்தக்கது. 1967இல் சிசிலி சாண்டர்சு இலண்டனில் புனித கிறித்தோபர் இல்லத்தை நிறுவியபொழுது அதற்கு 'ஆசுபிசு' என்னும் பழஞ்சொல் பயன்பட்டது. விருந்தோம்பலைக் குறிக்கும் இலத்தீன் அடியிலிருந்து வந்த சொல் அது. அவரிடம் கற்ற பால்ஃபர் மவுண்ட் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் அத்தகைய பிரிவொன்றை 1975இல் தொடங்கினார். பிரெஞ்சு மொழி வழங்கும் அந்நகரில் 'ஆசுபிசு' என்பது ஏழையரும் ஆதரவற்றோரும் ஒதுங்கும் இல்லத்தைக் குறித்தது. அப்பெயரை இட்டால் நோயாளிகள் வரத் தயங்குவர் என உணர்ந்த அவர் 'பாலியேட்டிவ் கேர்' என்னும் தொடரை ஆண்டார். போர்வையைக் குறிக்கும் 'பால்லியம்' என்னும் இலத்தீன் சொல் அதன் மூலம். நோயை நீக்க இயலாதபொழுதும் துன்பத்தைப் போர்த்துக் காப்பது என்பது கருத்து.

மாண்ட்ரியலில் 'ஆசுபிசு' ஏற்படுத்திய தயக்கமும் திருவிதாங்கூரில் 'தர்மாசுபத்திரி' ஏற்படுத்திய தயக்கமும் ஒரே இனத்தவை. மவுண்ட் பெயரை மாற்றினார். நம் மொழிகளில் அப்பெயர் எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதே அடுத்த வினா.

5. கேரளத்தில் பணியும் பெயரும்

இந்தியாவில் இத்தகைய முதல் இல்லம் 1986இல் மும்பையில் தோன்றிய சாந்தி அவேதனா ஆசிரமம் ஆகும். அதற்கு முந்திய ஆண்டு, 1985இல், போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் நிறைவேறியது. அதன் கடுமையான உரிம முறைகளால் மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்திருக்கவே அஞ்சின. அபினி விளைவிக்கும் இந்நாட்டில் 1997ஆம் ஆண்டு மருத்துவத்திற்குப் பயன்பட்ட மார்ஃபின் 18 கிலோ அளவிற்கு இறங்கியது. 1998இல் மைய அரசு விதிகளை எளிமைப்படுத்துமாறு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. அதனை ஏற்றுச் செயற்பட்ட முதற்சில மாநிலங்களுள் கேரளமும் ஒன்று. 2014இல் சட்டமே திருத்தப்பட்டது.

1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம்.ஆர். இராசகோபால், சுரேசுகுமார் முதலியோர் முயற்சியால் வலி மற்றும் தணிப்பு மருத்துவத்திற்கான சங்கம் உருவாயிற்று. மருத்துவமனைக்கு வர இயலாதோர் பலர் என்பதைக் கண்டபின், அண்டை வீட்டாரையே பயிற்றுவித்துப் பணியில் ஈடுபடுத்தும் முறை மலப்புறம் முதலிய வடமாவட்டங்களில் வளர்ந்தது. 2003இல் இராசகோபால் திருவனந்தபுரத்தில் பால்லியம் இந்தியா அமைப்பைத் தொடங்கினார். 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது; இந்தியாவில் இவ்வாறு செய்த முதல் மாநிலம் அதுவே. 2019இல் கொள்கை புதுக்கப்பட்டது. பயிற்சி பெற்ற செவிலியர் ஆசா பணியாளருடனும் தன்னார்வலருடனும் வீடுதேடிச் செல்லும் பணி கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பாயிற்று. 2010ஆம் ஆண்டின் பன்னாட்டு இறப்புத்தர அட்டவணையில் இந்தியா நாற்பது நாடுகளுள் நாற்பதாவது இடம் பெற்றபொழுதும் கேரளம் மட்டும் விதிவிலக்காகப் பாராட்டப்பட்டது.

இவ்வரலாற்றின் ஊடே மூன்று பெயர்கள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வழங்கலாயின. ஆட்சிமொழியில் 'சாந்த்வன பரிசரணம்' என்னும் வடசொற்றொடர் அமைந்தது. பேச்சில் 'பாலியேற்றீவ்' என்னும் கடன்சொல் பரவியது. பணி பெறுவோரைக் குறிக்க 'கிடப்பு ரோகி' என்னும் தொடர் நிலைத்தது. இம்மூன்றும் வேறுவேறு வகையில் செயற்பட்டன.

5.1 சாந்த்வன பரிசரணம்

'சாந்த்வனம்' என்பது ஆறுதல். 'பரிசரணம்' என்பது பணிவிடை. கருத்தளவில் இது குறையற்ற ஆக்கம். ஆயினும் தமிழ்ச் சொல்வளம் கலந்த எல்லைப்பகுதி முதியோர்க்கு இது பெயர்ப்பலகைச் சொல்லாகவே அமைகிறது. தமிழ் வழக்கில் 'பரிசாரகர்' என்பார் கோயிற் பணியாளரோ சமையற்காரரோ ஆவர். இத்தொடரை எழுத்துப்பெயர்த்துத் தமிழில் ஆளக் கருதும் மொழிபெயர்ப்பாளர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். 'சுசுரூசை' என்னும் மாற்றுச்சொல்லும் இடர் அற்றதன்று. கிறித்தவர் மிகுந்த இப்பகுதியில் அது வழிபாட்டையும் அடக்க ஆராதனையையும் குறிக்கும். நோயுற்ற முதியவரின் வீட்டு வாசலில் அச்சொல்லுடன் ஒருவர் வந்து நிற்பது விரும்பத்தக்கதன்று.

5.2 பாலியேற்றீவ்

கடன்சொல் பொருளிழந்து வந்தது. அதனாலேயே எளிதில் தங்கியது. 'பாலியேற்றீவில் நின்னு வந்நவர்' என்னும்பொழுது அது ஒரு மருத்துவ முறையைக் குறிப்பதில்லை. வருகின்ற செவிலியரையும் அவர் கொணரும் பையையும் குழுவையும் ஆகுபெயராகக் குறிக்கிறது. இதில் நன்மை ஒன்று உண்டு: சொல்லுக்குள் மரணம் இல்லை. குறை ஒன்றும் உண்டு: பணியின் எல்லை என்ன, எப்பொழுது கேட்கலாம் என்பதைச் சொல் உணர்த்துவதில்லை. வந்தபின் அறியப்படுகிறதேயன்றி, கேட்டுப் பெறப்படுவதில்லை.

5.3 கிடப்பு ரோகி

மூன்றனுள் மிகுந்த ஆற்றல் வாய்ந்தது இதுவே. 'கிடப்பிலாயி' என மலையாளம் சொல்வதைத் தென்கோடித் தமிழ் 'கிடையில் விழுந்தார்', 'கிடையாய்க் கிடக்கிறார்' எனச் சொல்லும். இரண்டிற்கும் வேர் ஒன்று. ஆகவே எல்லையின் இருபுறத்து முதியோர்க்கும் விளக்கமின்றிப் புரியும் சொல் இது.

இச்சொல் நோயின் பெயரைக் கேட்பதில்லை என்பது வரலாற்று நோக்கில் இன்றியமையாதது. மேலைநாடுகளில் இப்பணி புற்றுநோயாளரை முதன்மையாகக் கொண்டு தொடங்கியது. கோழிக்கோட்டிலும் அவ்வாறே. பணி ஊர்தோறும் பரவியபொழுது பக்கவாதத்தால் வீழ்ந்தோரும் மூப்பினாலேயே தளர்ந்தோரும் அதன் வட்டத்திற்குள் வந்தனர். 'கிடப்பு' என்னும் சொல் நோயைச் சுட்டாமல் நிலையைச் சுட்டியமையால் இவ்விரிவு தடையின்றி நிகழ்ந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அறுபது வயதைக் கடந்தோர் கேரளத்தில் நூற்றுக்கு 12.6 பேர், தமிழ்நாட்டில் 10.4, இந்திய அளவில் 8.6. இத்தகைய மாநிலத்தில் மருத்துவப் பிரிவாகத் தொடங்கியது முதியோர் பணியாக மாறியதற்குச் சொல்லும் துணைநின்றது எனலாம்.

ஆனால் வாயிலைத் திறந்த அதே சொல் வாயிற்படியையும் உயர்த்தியது. கிடப்பவரே உரியவர் எனில் கிடவாதவர் உரியவர் அல்லர் என்பது பெறப்படும். மூச்சுத் திணறலுடன் திண்ணைவரை வந்து அமர்பவர், மறதி நோயால் வழிதெரியாது நடப்பவர், எலும்பைத் தாக்கிய வலியுடன் சந்தைக்குச் செல்பவர் ஆகியோர் தம்மைக் 'கிடப்பு' எனக் கருதார். குடும்பத்தாரும் 'இன்னும் நடக்கிறாரே' என்பர். நோய் கண்ட தொடக்கக் கட்டத்திலேயே துன்பத் தணிப்புத் தொடங்கவேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனம் 2002இல் வகுத்த வரையறையின் சாரம். வரையறை முன்னே அழைக்கிறது. சொல் பின்னே நிறுத்துகிறது. இறுதி வாரங்களில் மட்டும் பணியை நாடுவதற்குரிய காரணங்களுள் இச்சொல்லெல்லையும் ஒன்றாகக் கொள்ளத்தக்கது.

6. வேதனையும் வலியும்

பெயரைக் கடந்து பணியின் உள்ளே சென்றால் வேறொரு சிக்கல் எதிர்ப்படுகிறது. மலையாளத்தில் உடல்நோவைக் குறிக்கும் பொதுச்சொல் 'வேதன'. தற்காலத் தமிழில் 'வேதனை' பெரும்பாலும் மனத்துயரைக் குறிக்கும். 'பிரசவ வேதனை' போன்ற சில தொடர்களிலேயே உடற்பொருள் எஞ்சியுள்ளது. தமிழின் பொதுச்சொல் 'வலி'. மலையாளத்தில் 'வலி' இழுத்தலைக் குறிக்கும். 'வலிவு' என்பது இரைப்பு நோயைக் குறிக்கும். தமிழிலோ 'வலிவு' வலிமையாகும்.

இது வெறும் சொல்விளையாட்டன்று. மார்ஃபினின் அளவு நோயாளி தன் வலியைச் சொல்லும் முறையைப் பொறுத்தே கூட்டவும் குறைக்கவும் படுகிறது. அவர் சொல்லே அளவுகோல். 'வேதனையுண்டோ' என்னும் வினாவைத் தமிழ்ப் பொருளில் கேட்ட முதியவர் 'அதெல்லாம் இல்லை' என விடையிறுத்தால் மனக்குறை இல்லை என்றே கூறியவராவார். குறிப்பேட்டில் வலி இல்லை எனப் பதிவாகும். எல்லையில் பிறந்து வளர்ந்தவர் இரு பொருளையும் அறிவர். மகளுடன் வாழ நெல்லையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்து சேர்ந்த முதியவர் அறியார். இரு மொழிகளுக்கும் பொதுவாக 'நோவு' என்னும் சொல் உயிருடன் இருக்கிறது. 'எங்கே நோவு?' என்னும் வினா எப்பக்கத்திலும் பிறழ உணரப்படாது. நோய்த் துண்டறிக்கைகளை மலையாளத்திலிருந்து தமிழாக்குவோர் 'வேதனை' என்பதனை அவ்வாறே விடாது 'வலி' அல்லது 'நோவு' எனப் பெயர்த்தல் வேண்டும்.

நோயின் பெயரிலும் இத்தகைய நெருடல் உண்டு. மலையாள எழுத்துவழக்கில் புற்றுநோய் 'அர்புதம்' எனப்படும். தமிழ்ச் செவிக்கு அது 'அற்புதம்' என ஒலிக்கும். இரு மொழிப் பேச்சிலும் 'கேன்சர்' நிலைபெற்றது வியப்பன்று.

7. தமிழ்நாட்டின் பெயரீடுகள்

தமிழில் இப்பணிக்கு 'நோய்த்தணிப்பு', 'வலி நிவாரணம்', 'ஆதரவுச் சிகிச்சை', 'இறுதிக்காலப் பராமரிப்பு' முதலிய பெயர்கள் வழங்குகின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வாயிற்படி. 'வலி நிவாரணம்' வலியற்ற தளர்ச்சியை வெளியே நிறுத்தும். 'இறுதிக்காலம்' என்பதைக் கேட்ட குடும்பத்தார் அதனைத் தீர்ப்பாகக் கொள்வர். 'ஆதரவு' என்பது ஆதரவற்றோர் என்னும் எதிர்ச்சொல்லை நினைவூட்டி மாண்ட்ரியல் அனுபவத்தை மீண்டும் தரும். 'தணிப்பு' கருத்திற்கு மிக அண்மையது. தணித்தல் வேறு, தீர்த்தல் வேறு என்பதைத் தமிழ் நன்கு அறியும். எனினும் 'நோய்த்தணிப்பு' என்பதனை நோயே தணியும் எனப் பொருள்கொள்ள இடமுண்டு. 'துன்பத் தணிப்பு' என்பது இவ்விடர் நீங்கியது. கேரளத்தின் 'கிடப்பு' என்னும் சொல்லைக் கடன்கொள்ளவும் இயலாது. 'கோப்பு கிடப்பில் போடப்பட்டது' என்னும் ஆட்சித்தமிழ் வழக்கு அதனைக் கைவிடப்பட்டமைக்கு உரியதாக்கிவிட்டது.

2021 ஆகசுடு 5ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' இவ்வகையில் கருதத்தக்க பெயர். வீட்டிற்கே வரும் பணிகளுள் இத்தணிப்புப் பணியும் அதில் இடம்பெற்றது. இப்பெயர் நோயையும் நிலையையும் சொல்லாமல் திசையைச் சொல்கிறது: மருத்துவம் வருகிறது, மக்கள் போகவேண்டியதில்லை. கேரளத்தில் பஞ்சாயத்துகள் நடத்தும் முதியோர் பகற்காப்பகத்திற்கு வழங்கும் 'பகல்வீடு' என்பதும் இத்தகையது. எல்லையின் எப்பக்கத்தவருக்கும் இவை புரியும். வினையாலும் பெயராலும் அன்றாடச் சொல்லைக் கொண்டு அமைந்த பெயர்கள் வேரூன்றுகின்றன என்பதற்கு இவை சான்று.

பெயரீட்டின் பொறுப்பு இறப்பைப் பற்றிய சட்டத்தில் மேலும் கூடுகிறது. 2018 மார்ச்சு 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம், மீளவியலா நிலையில் உயிர்காப்புக் கருவிகளை மறுக்கும் உரிமையையும் அதனை முன்னரே எழுதிவைக்கும் உரிமையையும் ஏற்றது. 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. நாளிதழ்கள் இதனைக் 'கருணைக்கொலை' எனவும் மலையாளத்தில் 'தயாவதம்' எனவும் எழுதின. கொலையும் வதமும் உள்ள சொல்லில் எந்த முதியவரும் தம் விருப்பத்தை எழுதித்தர முன்வரார். எந்த மகனும் சாட்சியாக நில்லான். பயனற்ற சிகிச்சையை நிறுத்துதல் என்பது கொலையன்று என்பதனை மொழிபெயர்ப்பே முதலில் தெளிவாக்கவேண்டும்.

8. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து சில கருத்துகள் பெறப்படும். முதியோர் இறுதிக்காலப் பணிகளை நாடும் காலத்தையும் அளவையும் பெயர் பாதிக்கிறது. ஆட்சிமொழி ஆக்கம் சரியான பொருளைத் தந்தும் வீட்டிற்குள் செல்லாது நிற்கலாம். கடன்சொல் வீட்டிற்குள் சென்றும் பொருள் தராது இருக்கலாம். மக்கள் தாமே கைக்கொண்ட 'கிடப்பு' இவ்விரண்டையும் விஞ்சியது. ஆனால் பணியைக் கட்டிலோடு பிணைத்தது.

கலைச்சொல் ஆக்குவோர் பொருட்பொருத்தத்தையும் ஓசை இனிமையையும் ஆராய்வது மரபு. இத்துறைச் சொல்லுக்கு மூன்றாவது ஆய்வும் தேவை: இச்சொல்லைக் கேட்டவுடன் தமக்குரியதன்று எனக் கருதி விலகுபவர் யார் என்பது. அவ்வாறு விலகுபவர் இரவில் உறங்காது நோவுடன் விழித்திருப்பவராயின், பிழை அவருடையதன்று. எல்லையின் இருபுறத்து மருத்துவத் துறையினரும் மொழியியலாரும் கூடி, இரு மொழிக்கும் பொதுவான நோவு, தணிவு, நோக்கு ஆகிய வேர்களிலிருந்து வினாப்பட்டியல்களையும் துண்டறிக்கைகளையும் ஆக்குவது இன்றே செய்யக்கூடிய பணியாகும்.